ஏழு குடித் தீவும் ஆறாம் ஆண்டுப் பல்லும்

உடம்பாகிய வீட்டிற்கு வாயே வாயிலாகும். உண்ணும் உணவு உட்புகுவதும் எண்ணிய எண்ணம் சொல்லாய் வெளிப்படுவதும் அவ்வாயில் வழியேயாம். அவ்வாயிலுக்குக் காவலாய் நிற்பன பற்கள். பல் நலமிலார்க்கு உணவும் செவ்வனே செரிப்பதில்லை. சொல்லும் செவ்வனே பிறப்பதில்லை. எழுத்துக்களின் பிறப்பை மாணாக்கர்க்குக் கற்பிக்குங்கால், தகர நகரங்கள் பல்லினடியை நா நுனி ஒற்றப் பிறப்பன என்றும், வகரம் மேற்பல் கீழிதழைச் சாரப் பிறப்பது என்றும் யாம் ஆண்டுதோறும் கூறி வருகின்றோம். அங்ஙனம் கூறும்போதே, அந்தப் பல் கரிந்து உதிர்ந்த சிறுவர் சிலர் முன்வரிசையில் அமர்ந்து, எம் வாயையே நோக்கிக்கொண்டிருத்தலையும் காண்கின்றோம்.

சென்ற ஆண்டு எமது பள்ளியில் பற்பரிசோதனை நடந்தது. மூன்றாம் வகுப்பிற் பயிலும் எட்டு வயதுச் சிறுவனொருவன், நம்மவருள் ஒருவராகிய உழவர் ஒருவரின் மகன், கீழ்த்தாடையின் இருபுறத்தும் கடைவாய்ப்பல் குழிந்து கறுத்திருக்க நின்றான். அவன் தந்தையாரை வரவழைத்துக் கூறினோம். அவர் சற்றும் கலங்காமல், "ஐயா, பாற்பல் தானே? விழுந்து முளைத்துவிடும். அன்றியும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பல் இப்படித்தான். வம்சவழி வந்த குறைக்கு நாம் என்ன செய்வது?" என்றார்.

இம்மறுமொழியில் இரண்டு பிழைகள் உள. அது பாற்பல் என்பது ஒன்று. பல்லின் கேடு குலவழி வருவது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் உலவுகின்றன. இவற்றைத் தருக்கத்தால் மறுப்பதினும் வரலாற்றால் மறுத்தல் நன்று. ஒரே குலமும் ஒரே நிலமும் உடைய ஓர் ஊரில், உணவு மட்டும் மாறினால் பல் என்னாகும் என்பதைக் கண்கூடாகக் காட்டிய சிறு தீவு ஒன்று உண்டு. அதன் வரலாற்றை அன்பர்கள் முன் வைக்கப் புகுகின்றோம்.

தீவும் குடிகளும்

தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே டிரிஸ்டன் டா குன்ஹா என்னும் எரிமலைத் தீவு ஒன்று உளது. 1506-ஆம் ஆண்டில் அதனைக் கண்ட போர்த்துக்கீசியக் கடற்றலைவன் பெயரே அதற்குப் பெயராயிற்று. ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் டவுன் நகரம் அங்கிருந்து ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர். மக்கள் வாழும் அண்மையான தீவாகிய செயின்ட் ஹெலினாவோ 2,400 கிலோமீட்டருக்கு மேல். மக்கள் வாழும் தீவுகளுள் இதனினும் தனிமையுற்றது பிறிதில்லை என்பர்.

நெப்போலியனைச் செயின்ட் ஹெலினாவிற் சிறைவைத்த ஆங்கிலேயர், அவனை மீட்க வருவார் இத்தீவைத் தங்குமிடமாகக் கொள்ளுதல் கூடுமென்று அஞ்சி, 1816-இல் இங்கு ஒரு சிறு படையை நிறுத்தினர். மறு ஆண்டே அப்படை மீண்டது. வில்லியம் கிளாஸ் என்னும் படைவீரர் மட்டும் மனைவி மக்களோடும் வேறு இரண்டு தோழரோடும் அங்கேயே தங்கினார். பொருளனைத்தும் மூவர்க்கும் சமம், ஒருவர்க்கொருவர் உயர்வு தாழ்வு இல்லை என்று 1817-இல் அவர்கள் ஓர் உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டனர். 1827-இல் செயின்ட் ஹெலினாவிலிருந்து மகளிர் ஐவர் மணத்தின்பொருட்டு வந்தனர். கப்பலுடைந்து கரையேறியோரும் திமிங்கில வேட்டைக் கப்பல்களினின்று இறங்கியோரும் பின்னர் வந்து சேர்ந்தனர். கிளாஸ், சுவெயின், கிரீன், ராஜர்ஸ், ஹாகன், ரெப்பெட்டோ, லாவரெல்லோ என ஏழே குடிப்பெயர்கள் அங்கு நெடுங்காலம் நிலவின. அவ்வேழு குடியினரும் தம்முள்ளேயே கொண்டும் கொடுத்தும் வந்தமையால், ஊர் முழுதும் ஓர் உறவாயிற்று. நம் சங்கத்தார்க்கு இவ்வமைப்பை விளக்குதல் வேண்டா. மாமன், மைத்துனன், பங்காளி என்று எவரைச் சுட்டினும் உறவு கூறவல்ல ஊரை நாம் அறிவோம்.

அவர்தம் உழவும் உணவும்

அத்தீவினர் உழவரும் மீனவரும் ஆவர். ஊருக்கு மேற்கே, கற்சுவரெடுத்துக் காற்றைத் தடுத்த சிறு சிறு நிலங்களில் உருளைக்கிழங்கு பயிரிட்டனர். எருது பூட்டிய வண்டியில் எருவும் விளைவும் ஏற்றிச் சென்றனர். கோதுமை விளைத்தலும் ஒருகாற் கைகூடியிருக்கும். ஆனால் 1882-இல் உடைந்த கப்பலொன்றினின்று எலிகள் கரையேறித் தானியப்பயிரை அழித்தொழித்தன. ஆகவே கிழங்கே அவர்க்குச் சோறாயிற்று. கடலில் மீன் பிடித்தனர். கடற்பறவைகளின் முட்டைகளை எடுத்துவந்தனர். ஆடுமாடுகளின் பாலையும் இறைச்சியையும் உண்டனர்.

மாவும் சீனியும் தேயிலையும் கப்பல் வந்தாலன்றிக் கிடையா. கப்பலோ அரிதினும் அரிது. முதல் உலகப்போர் முடிவுற்ற செய்தியே 1919-இல் ஒரு போர்க்கப்பல் வந்து கூறியபின்னர்த்தான் அவர்க்குத் தெரிந்தது. இவ்வாழ்வை இன்ப வாழ்வென்று யாம் புனைந்துரைக்க மாட்டோம். கிழங்கு பொய்த்த ஆண்டிற் குழந்தைகள் பசியால் வாடினர். 1885-இல் கப்பலொன்றை எதிர்கொள்ளப் படகேறிச் சென்ற ஆடவர் பதினைவர் மீளாதொழியவே, ஊரிற் பெரும்பாலான வீடுகள் ஆண்துணையின்றி நின்றன. பழமையனைத்தும் நன்று என்பார்க்கு இத்தீவு சான்றாகாது. எனினும், அவ்வறுமைக்கிடையே ஒரு நன்மை மறைந்திருந்தது. அதுவே அவர்தம் பல்.

1932-இல் பிரிட்டானியக் கடற்படையின் மருத்துவர் அங்குச் சென்று மக்களின் வாயைச் சோதித்தனர். பெரும்பாலோர் வாயிற் சொத்தையே காணாது வியந்தனர். 1937-இல் நார்வே நாட்டினின்று அறிஞர் குழுவொன்று சென்று சில திங்கள் தங்கி, நிலம், பறவை, மக்கள் வாழ்க்கை முதலிய அனைத்தையும் ஆராய்ந்தது. ரெய்டர் சோக்னேஸ் என்னும் பல்மருத்துவர் அக்குழுவில் ஒருவர். அந்நாளில் அத்தீவின் மக்கட்டொகை இருநூற்றிற்கும் குறைவு. இருபது வயதிற்குட்பட்டவர்களின் முதற் கடைவாய்ப்பற்களை நோக்கியபோது, அவற்றுள் ஒன்றேனும் சொத்தையுற்றிலது! அவர்கள் பல்துலக்குதலிற் பெரிதும் கருத்துடையார் என்று எண்ணற்க. பல்துலக்கும் வழக்கம் அங்கு மிகக் குறைவு. பலர்க்கு ஈறுகள் தூய்மையின்றி இருந்தன. அங்ஙனமிருந்தும் பல்லிற் குழியில்லை.

அப்பல் யாது?

முதற் கடைவாய்ப்பல் என்றோம். அதனைச் சற்றே விளக்குதும். ஏனெனில் நம் கட்டுரை முழுதும் அப்பல்லின்மேலேயே நிற்கின்றது.

குழந்தைக்கு முளைக்கும் பாற்பற்கள் இருபது. அவை ஆறு வயது முதலாக ஒவ்வொன்றாய் விழ, அவ்விடங்களில் நிலைப்பற்கள் முளைக்கும். இஃது யாவரும் அறிந்தது. யாரும் அறியாதது ஒன்றுண்டு. ஏறக்குறைய ஆறாம் ஆண்டில், பாற்பல் எதுவும் விழாமலே, கடைசிப் பாற்பல்லிற்குப் பின்னே மேலிரண்டும் கீழிரண்டுமாக நான்கு பெரும்பற்கள் ஓசையின்றி முளைக்கின்றன. இவை நிலைப்பற்கள். இவை விழுந்தால் மீண்டும் முளையா. இவற்றின் சுண்ணச்சத்து, குழந்தை பிறக்குங் காலத்தையொட்டியே படியத் தொடங்குகின்றது. வாயிற் பாற்பற்கள் நிறைந்திருக்கும்போதே வந்து சேர்வதால், தாய்தந்தையர் இவற்றையும் பாற்பல் என்றே கருதிப் புறக்கணிக்கின்றனர். மெல்லும் வேலையின் பெரும்பகுதியைத் தாங்குவன இவை. பின்வரும் பற்களின் வரிசைக்கு எல்லைக்கல் போல்வனவும் இவை. அச்சிறுவன் வாயிற் கறுத்திருந்தவை இவையே.

கடை வந்தது

1942-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப்போரின் பொருட்டு, அத்தீவில் கடற்படையினர் கம்பியில்லாத் தந்தி நிலையமும் வானிலை நிலையமும் அமைத்தனர். அவர்களோடு பண்டசாலையொன்றும் வந்தது. அதுகாறும் கிழங்கை அளவாகக் கொண்டு பண்டமாற்றிய மக்கள் கூலிவேலை செய்து காசு கண்டனர். போர் முடிந்தபின், 1949-ஐ ஒட்டிக் கல் இறால் பிடித்துத் தகரத்திலடைக்கும் தொழில் தொடங்கிற்று. மாதச் சம்பளம் வந்தது. சம்பளத்தைச் செலவிடக் கடையும் நிலைபெற்றது. மாவு, சீனி, பழப்பாகு, இனிப்புப் பிஸ்கோத்து, மிட்டாய் ஆகியன ஆண்டு முழுதும் கிடைப்பவாயின. பசி நீங்கிற்று, அது நன்மையே. ஆனால் பசியோடு வேறொன்றும் நீங்கிற்று.

1961-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஊருக்கருகே எரிமலை வெடித்தது. மக்களனைவரும் படகேறித் தப்பிக் கேப் டவுன் வழியாக இங்கிலாந்து சேர்ந்தனர். அங்கு மருத்துவர்கள் அவர்களை ஆராய்ந்தனர். 1962-இல் இருபது வயதிற்குட்பட்டோரின் முதற் கடைவாய்ப்பற்களை எண்ணிப் பார்த்தபோது, ஏறக்குறையப் பாதி சொத்தையுற்றிருந்தன. இருபத்தைந்து ஆண்டுகட்குமுன் நூற்றுக்கு ஒன்றும் இல்லை. இப்போது நூற்றுக்கு ஐம்பது!

இங்கிலாந்து வந்தமையால் வந்த கேடு இஃது என்று கூறவியலாது. கடைவாய்ப்பல் குழிந்து கெடுதற்குப் பெரும்பாலும் திங்கள் பலவேனும், ஆண்டுகளேனும் வேண்டும். தீவிலிருந்தபோதே அக்கேடு நிகழ்ந்தது என்பதே பொருந்தும்.

குலமோ, உணவோ?

இனி, அத்தந்தையாரின் இரண்டாம் சொல்லை ஆராய்வோம். பல்லின் கேடு வம்சவழி வருவதாயின், அவ்வேழு குடிகளின் குருதி 1937-க்கும் 1962-க்கும் இடையே மாறியதோ? மாறவில்லை. பாட்டன் பல் முதிர்ந்தும் சிதையாதிருக்க, பேரன் பல் பத்து வயதிற் குழிந்தது. குடிப்பெயர் அதுவே, மண் அதுவே, கிழங்கும் மீனும் அவையே. புதிதாய் வந்தது கடையிலிருந்து வந்ததேயாம்.

குலவழி வரும் நோய் இல்லையென்று யாம் கூறவில்லை. அதே தீவினரிடம் ஈளைநோய் மிகுதியாகக் காணப்படுகின்றது. முதற் குடியேறினோருள் சிலரிடமிருந்து அது வழிவழி இறங்கிற்று என்று அறிஞர் கருதுகின்றனர். ஆகவே ஒரே ஊரில் இரண்டு பாடங்களைக் கற்கின்றோம். ஈளை குருதியோடு வந்தது. சொத்தை சீனியோடு வந்தது. முன்னதற்கு முன்னோரைச் சுட்டலாம். பின்னதற்கு நம் கையையே சுட்டவேண்டும்.

கிழங்கும் மாப்பொருள் தானே, அது பல்லைக் கெடுக்காததேன் என்று வினவலாம். பல்லின்மேற் படியும் அழுக்கில் வாழும் நுண்ணுயிர்கள் இனிப்பை உண்டு புளிப்பை உமிழ்கின்றன. அப்புளிப்பு எனாமல் என்னும் பல்லின் கவசத்தினின்று சுண்ணச்சத்தைக் கரைக்கின்றது. உமிழ்நீர் சிறிது நேரத்திற் புளிப்பைத் தணித்து, கரைந்ததை மீளப் படிவிக்கின்றது. வேளைக்கு வேளை உணவாக உண்ணும் கிழங்கும் சோறும் இப்போரில் வாயை எளிதிற் தோற்பிப்பனவல்ல. சீனியோ உடனே புளிப்பாவது. அதனினும் முதன்மையானது உண்ணும் முறை. மணிக்கொருமுறை மிட்டாய் சுவைப்பவன் வாயில் உமிழ்நீருக்கு ஓய்வேது?

இவ்வுண்மையைச் சுவீடன் நாட்டில் 1945 தொடங்கிச் சில ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சியொன்றும் காட்டிற்று. உணவோடு சேர்த்து உண்ட சீனியினும், உணவுக்கிடையே அடிக்கடி தின்ற ஒட்டும் மிட்டாயே பற்களைப் பெரிதும் அழித்தது. மனநலங் குன்றியோரை அவர் இசைவின்றி ஈடுபடுத்திய அவ்வாராய்ச்சி அறத்திற்கு ஒவ்வாதது என்று பின்னாளில் கண்டிக்கப்பட்டது. அறிவு கிடைத்தது, கிடைத்த வழியை மறத்தல் ஆகாது.

நம் இல்லங்களில்

அத்தீவினர் இங்கிலாந்தின் வசதிகளைக் கண்டும், 1962-இல் வாக்கெடுப்பு நடத்தி, 148 பேர் விரும்ப ஐவரே மறுக்க, 1963-இல் தம் தீவிற்கே மீண்டனர். தம் மண்ணையும் உறவையும் அவர்கள் விட்டிலர். ஆனால் தீவிற்கு மீண்டவர் கடையில்லாக் காலத்திற்கு மீண்டாரல்லர். அஃது எவர்க்கும் இயலாது, நமக்கும் இயலாது. கடை நம் ஊரிலும் உள்ளது. பள்ளி வாயிலிலேயே உள்ளது. கேழ்வரகுக் கூழும் மோரும் நிலக்கடலையும் உண்டு வளர்ந்த உழவர் மரபினராகிய நாம், இன்று வயலுக்குச் செல்லுமுன் குழந்தையின் கையிற் பிஸ்கோத்துப் பொட்டலமொன்றைக் கொடுத்து அதன் அழுகையை அடக்குகின்றோம். வேலைமிகுதியால் நேர்வது அஃது, அன்பின்மையால் அன்று.

இதனை எழுதும் யாம் குற்றமற்றவரல்லோம். எம் மூத்த மகளுக்கு ஏழு வயதிருக்கையில், கடைவாயில் வலியென்று அழுதாள். "பாற்பல், விழுந்துவிடும்" என்று கூறிக் கிராம்பு வைத்து உறங்கச் செய்தோம். ஓராண்டு கழிந்து மருத்துவர் அப்பல்லைப் பிடுங்கியபின்னரே, அஃது ஆறாம் ஆண்டு நிலைப்பல் என்பதை அறிந்தோம். இலக்கண இலக்கியங்கள் கற்ற எமக்கு எம் மகளின் வாயிற் பல் எண்ணத் தெரிந்திலது. இன்று அவளுக்குப் பதினேழு வயது. ஒருபுறமாகவே மென்று உண்கின்றாள். அதனைக் காணும் ஒவ்வொரு வேளையும் எமக்குப் பாடமாகின்றது. ஆகலின் அவ்வுழவரை யாம் கடிந்திலோம். எம் மகளின் கதையையே கூறினோம். அவர் மறுநாளே சிறுவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். ஒரு பல் அடைக்கப்பட்டுப் பிழைத்தது. மற்றொன்று பிழைக்கவில்லை.

இனி அன்பர்கள் கைக்கொள்ளத் தக்கன சிலவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

குழந்தைக்கு ஆறு வயது நிரம்பும்போது, பகலொளியில் அதன் வாயைத் திறந்து, கடைசிப் பாற்பல்லிற்குப் பின் முளைக்கும் பல்லைப் பாருங்கள். அதன் மேற்பரப்பிலுள்ள பள்ளங்களிற் கருமை தோன்றின் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுங்கள். அடைக்கத்தக்க பல்லைப் பிடுங்கத்தக்க பல்லாக்குவது நம் தாமதமே.

இனிப்பை அறவே விலக்குதல் அரிது. கொடுப்பதை உணவோடு கொடுங்கள், இடைவேளையிற் கொடாதீர்கள். வெள்ளைச் சீனியே தீது, வெல்லமும் கருப்பட்டியும் தேனும் தீதல்ல என்று நம்மவர் கருதுகின்றனர். நுண்ணுயிர்க்கு அவ்வேறுபாடு தெரியாது. ஒருநாள் உணவின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே இத்தகைய இனிப்புகள் இருத்தல் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியுள்ளது. 1,400 கலோரி உண்ணும் சிறுவனுக்கு அது 35 கிராம். ஏறக்குறைய எட்டுத் தேக்கரண்டி. இனிப்புப் பானமொரு புட்டியிலேயே அவ்வளவும் அடங்கிவிடுதல் உண்டு.

சீனியிட்ட பாற்புட்டியை வாயில் வைத்துக் குழந்தையை உறங்கவிடாதீர்கள். உறக்கத்தில் உமிழ்நீர் குறையும். காவலற்ற கோட்டையிற் பகைவர் புகுவர்.

சாம்பலும் செங்கற்பொடியும் உமிக்கரியும் கொண்டு தேய்த்தல் நம் பழவழக்கம். அவை அழுக்கோடு கவசத்தையும் தேய்ப்பன. புளோரைடு கலந்த பற்பசையால் காலையிலும், இரவு உறங்குமுன்னும் துலக்குவிப்பதே நன்று. மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவும், அதன்பின் ஆறு வயதுவரை பட்டாணியளவும் போதும்.

உணவில் நம் நிலம் தருவதை மறவாதீர்கள். 100 கிராம் கேழ்வரகிற் சுண்ணச்சத்து ஏறக்குறைய 350 மில்லிகிராம் உண்டு. கருவுற்ற தாய்க்கும் வளரும் குழந்தைக்கும் கேழ்வரகு, கீரை, பால், மோர், முட்டை, நிலக்கடலை ஆகியன எலும்பையும் பல்லையும் உருவாக்கும் பொருள்கள். பிள்ளைக்கு இடைவேளையிற் பசியெடுப்பின் வறுத்த கடலையும் கொய்யாவும் இருக்கின்றன.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் ஆண்டுவிழாவிற் சிறுவர்க்குப் பரிசு வழங்கியபின் கைநிறைய மிட்டாய் வழங்குவது வழக்கம். எம் கையாலும் பன்முறை வழங்கியுள்ளோம். வரும் விழா முதல் அதற்கீடாகக் கடலையும் பழமும் வழங்கி, அன்று காலையிலேயே பல்மருத்துவர் ஒருவரை வரவழைத்து, ஆறு முதல் பத்து வயதுள்ள சிறுவர் அனைவரின் வாயையும் பார்க்கச் செய்யின், அது செலவிற் சிறிது, பயனிற் பெரிது. குலத்திற்குச் சங்கம் வைப்பது குலத்துக் குழந்தைகளின் நலத்திற்கன்றோ?

ஏழு குடிகள் வாழ்ந்த அத்தீவு தன் பற்களை இழந்து நமக்கு ஒரு பாடத்தைத் தந்தது. நம் குழந்தைகளின் பல்லை விலையாகக் கொடுத்து அதே பாடத்தை மீண்டும் கற்க வேண்டா. இன்றிரவு உண்டு முடிந்தபின், நும் பிள்ளையை அருகழைத்து, விளக்கொளியில் அதன் வாயைத் திறந்து, பற்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.